ஒரு மாநிலத்தில் உரிமை, பக்கத்து மாநிலத்தில் சிறை: அமெரிக்க துப்பாக்கி பர்மிட் குழப்பம் என்ன?

2013 அக்டோபர். பிலடெல்ஃபியாவில் வசிக்கும், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண்ணின் காரை நியூ ஜெர்சி போலீஸ் நிறுத்தியது. தன்னிடம் துப்பாக்கியும் அதற்கான பர்மிட்டும் இருப்பதாக அவரே முன்வந்து சொன்னார். ஆனால், அது பென்சில்வேனியா மாநிலம் கொடுத்த பர்மிட். நியூ ஜெர்சியில் அதற்கு மதிப்பே இல்லை. கைது செய்யப்பட்ட அவர் மீது, குறைந்தபட்சம் மூன்றரை ஆண்டு சிறை கிடைக்கக்கூடிய வழக்கு பாய்ந்தது. 2015 ஏப்ரலில் அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் சிக்கல் முழுசாகத் தீர்ந்தது.

ஒரே நாடு, ஒரே அரசியல் சாசனம். பிறகு ஏன் இப்படி?

டிரைவிங் லைசென்ஸ் மாதிரி இல்லையா?

இல்லை. டெக்சாஸில் எடுத்த டிரைவிங் லைசென்ஸை வைத்துக்கொண்டு கலிஃபோர்னியாவில் தாராளமாகக் கார் ஓட்டலாம். ஆனால், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் 'கன்சீல்டு கேரி' பர்மிட் அப்படியல்ல. பொதுமக்களுக்கு நாடு முழுவதும் செல்லுபடியாகும் பர்மிட் என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்த மாநிலத்தின் பர்மிட்டை ஏற்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'ரெசிப்ராசிட்டி'.

சுமார் 29 மாநிலங்களில் பர்மிட்டே தேவையில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்றவை வெளிமாநில பர்மிட் எதையும் ஏற்பதில்லை. மற்றவை இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன.

அப்போ பல மாநிலங்களில் செல்லும் பர்மிட் எப்படி வாங்குகிறார்கள்?

சொந்த மாநிலத்தில் ஒன்று, கூடவே 'நான்-ரெசிடென்ட்' பர்மிட் இன்னொன்று. இதுதான் பலரும் பின்பற்றும் வழி. யூட்டா, அரிசோனா, ஃபுளோரிடா ஆகியவை வெளிமாநிலத்தவருக்கும் பர்மிட் கொடுக்கின்றன. யூட்டா பர்மிட்டை 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்கின்றன. வெர்மான்ட் மாநிலம் பர்மிட் என்ற ஒன்றையே வழங்குவதில்லை. அதனால், அந்த ஊர்க்காரர்கள் வெளியே போகும்போது இன்னொரு மாநிலத்தின் பர்மிட்டை நம்பவேண்டியிருக்கிறது.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. கொலராடோ, மிச்சிகன் போன்ற மாநிலங்கள், வைத்திருப்பவர் வசிக்கும் மாநிலம் கொடுத்த பர்மிட்டை மட்டுமே ஏற்கும். யூட்டா பர்மிட்டை வாங்கிய வெளியூர்க்காரருக்கு அங்கே அதனால் பயனில்லை.

பர்மிட் செல்லும் என்றால் போதுமா?

போதாது. எல்லையைத் தாண்டியதும் அந்த மாநிலச் சட்டம்தான். மிச்சிகனில் போலீஸ் நிறுத்தினால், துப்பாக்கி இருப்பதை உடனே சொல்லியாகவேண்டும். கொலராடோவில் 15 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களுக்குக் கட்டுப்பாடு. நியூ ஜெர்சியில் வரம்பு 10.

தடை உள்ள மாநிலத்தைக் கடந்துதான் போகவேண்டும் என்றால், 1986-ம் ஆண்டு மத்திய சட்டம் ஓரளவு கைகொடுக்கும். தோட்டாவை எடுத்துவிட்டு, கைக்கு எட்டாத டிக்கியில் துப்பாக்கியை வைக்கவேண்டும். டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில்; டேஷ்போர்டு பெட்டி கணக்கில் வராது.

நம்மவர்கள் கவனிக்கவேண்டியது

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. 'இந்த ஸ்டேட்ல பர்மிட்டே வேணாமாமே' என்ற பேச்சை நம்பி இறங்கினால் வேலை, விசா எல்லாமே போய்விடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

தீர்வு எங்கே சிக்கியிருக்கிறது?

பணி ஓய்வு பெற்றவர்கள் உட்பட, தகுதியுள்ள போலீஸாருக்கு நாடு முழுவதும் துப்பாக்கி எடுத்துச் செல்ல 2004-லேயே சட்டம் வந்துவிட்டது. பொதுமக்களுக்கும் அதை விரிவாக்கும் மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-198 என நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை. 2025-ல் மீண்டும் அறிமுகமானது. 2022-ல் உச்ச நீதிமன்றம் புரூன் வழக்கில், 'தக்க காரணம்' காட்டினால்தான் பர்மிட் என்ற நியூயார்க் விதியை ரத்து செய்தது. ஆனால், அடுத்த மாநில பர்மிட்டை ஏற்கவேண்டும் என்று அது சொல்லவில்லை.

எதிர்ப்பாளர்களின் கேள்வியையும் ஒதுக்க முடியாது. நியூயார்க்கில் 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி கட்டாயம். யூட்டா பர்மிட்டுக்குச் சுட்டுக் காட்டவே வேண்டாம். இரண்டையும் சமமாக்கினால், தளர்வான விதிதான் நாட்டின் விதியாகிவிடும். மேற்படி மசோதாவோ, பர்மிட் தேவையில்லாத மாநிலத்தவர் வெறும் அடையாள அட்டையோடு போகலாம் என்கிறது.

ஆகவே, செய்யவேண்டியது இரண்டு. முதலில், பயிற்சிக்கும் பின்னணிச் சோதனைக்கும் நாடு தழுவிய குறைந்தபட்ச அளவுகோல். அதை எட்டும் பர்மிட்டுக்கு மட்டும் எல்லா மாநிலங்களிலும் அங்கீகாரம். இரண்டாவது, முறையான பர்மிட்டோடு தெரியாமல் எல்லை தாண்டி, தானே உண்மையைச் சொல்பவருக்குச் சிறைக்குப் பதில் அபராதம். இவை நடக்காத வரை, பாதுகாப்பு கேட்பவருக்கும் பயப்படுபவருக்கும் இந்தச் சட்டம் நிம்மதி தரப்போவதில்லை.