வள்ளல் வேடமிட்ட நஞ்சு வியாபாரி!



'அமெரிக்கன் கேங்ஸ்டர்' என்ற ஆங்கிலப் படம் 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. ரிட்லி ஸ்காட் இயக்கிய படம். ஹெராயின் விற்றுப் பணக்காரனான பிராங்க் லூக்கஸாக டென்சல் வாஷிங்டனும், அவனைப் பிடிக்கும் நேர்மையான துப்பறிவாளர் ரிச்சி ராபர்ட்ஸாக ரஸ்ஸல் குரோவும் நடித்தார்கள். இருவருமே உண்மையில் வாழ்ந்த மனிதர்கள்.

படம் பார்த்த ஒரு பையனிடம் கேட்டுப் பாருங்கள். துப்பறிவாளரின் பெயர் ஞாபகம் இருக்காது. ஆனால் அந்தத் 'தைக்கோ' எப்படி நடந்தான், எப்படி உடுத்தினான், எப்படிப் பேசினான் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். இது ஏன் என்று நாம் சிந்திக்க வேண்டாமா?

அவனை ஏன் பிடிக்கிறது?

லூக்கஸ் 1930இல் வட கரோலினா மாநிலத்தில் ஏழைக் கருப்பினக் குடும்பத்தில் பிறந்தவன். சிறுவனாக இருந்தபோது தன் பெரியம்மா பிள்ளை போன்ற ஓர் உறவினனை வெள்ளை இனவெறிக் கும்பல் சுட்டுக் கொன்றதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி வந்தான். பிறகு நியூயார்க்கின் ஹார்லம் பகுதிக்கு வந்தான். அது கருப்பின மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி. இத்தாலிய மாஃபியாவிடம் கைகட்டி நிற்காமல், தென்கிழக்காசியாவிலிருந்து நேரடியாகச் சரக்கு இறக்கினான். தம்பிகளுக்கு வேலை கொடுத்தான். படத்தில் தாய்க்கு மாளிகையே வாங்கிக் கொடுக்கிறான்.

மிதிபட்ட இனத்தில் பிறந்த ஒருவன், மிதித்தவனுக்குச் சமமாக உட்காருகிறான். பார்க்கும் நமக்கும் நெஞ்சு நிமிர்கிறது. அந்த ஏக்கம் நமக்கும் உண்டு. அதனால்தான் இந்தப் படத்தை நாம் விழிப்போடு பார்க்க வேண்டும் என்கிறோம்!

நஞ்சு யார் உடம்பில் ஏறியது?

லூக்கஸின் சரக்குக்குப் பெயர் 'புளூ மேஜிக்'. விற்ற இடம் ஹார்லத்தின் 116ஆவது தெரு. வாங்கியது யார்? அவன் உறவினனைக் கொன்ற வெள்ளையர் கும்பலா? இல்லை. அவனைப் போலவே தெற்கிலிருந்து பிழைக்க வந்த ஏழைகளின் பிள்ளைகள். அவனுடைய சொந்த மக்கள்!

படத்தில் அவன் நன்றித் திருநாளன்று ஏழைகளுக்கு வான்கோழி கொடுக்கிறான். கூட்டம் வாழ்த்துகிறது. இயக்குநர் அதை ஒட்டி இன்னொன்றையும் காட்டுகிறார். கையில் ஊசி ஏற்றுபவர்கள், செத்துக் கிடக்கும் தாய், பக்கத்தில் அழும் குழந்தை. அந்தக் காட்சியை வைத்த இயக்குநரைப் பாராட்டலாம். ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் அது சில நிமிடங்கள்தான். அந்தத் தாய்க்குப் பெயர் கூட இல்லை. லூக்கஸின் கோட்டுக்கோ தனி வரலாறே இருக்கிறது.

ஒரு கையால் கோழி கொடுத்து, மறு கையால் கோழி வாங்கியவனின் மகனைக் கொல்பவன் வள்ளலா?

ஒரு நேர்மையான போலீஸ் போதுமா?

காவல் நின்றவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? நியூயார்க் போலீஸ் ஊழலை விசாரிக்க 1970இல் நேப் ஆணையம் அமைக்க வேண்டியிருந்தது. போதைப்பொருள் ஒழிப்புக்கென்று இருந்த சிறப்புப் பிரிவின் துப்பறிவாளர்களில் பெரும்பாலோர் மீது பின்னர் ஊழல் வழக்கு வந்தது. போலீஸ் பறிமுதல் செய்து பூட்டி வைத்த ஹெராயினே மூட்டை மூட்டையாகக் காணாமல் போய், இருந்த இடத்தில் மாவு இருந்தது 1972இல் தெரிய வந்தது. வேலியே பயிரை மேய்ந்தது!

படமோ நேர்மையான ஒரே ஆள் வந்தான், எல்லாம் சரியானது என்று நம்மை வீட்டுக்கு அனுப்புகிறது. லூக்கஸும் ராபர்ட்ஸும் சேர்ந்ததால் நியூயார்க் போதைப்பொருள் அமலாக்க அதிகாரிகளில் முக்கால்வாசிப் பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்று கடைசியில் எழுத்தில் போட்டார்கள். ஓய்வு பெற்ற அதிகாரிகள் 2008இல் வழக்குப் போட்டார்கள். வழக்கு தள்ளுபடியானது. ஆனால் அந்த வாசகம் உண்மையல்ல என்று நீதிபதியே கண்டித்தார். துப்பறிவாளர் குழந்தைக்காக மனைவியோடு கோர்ட்டில் போராடுவதாக வரும் கதையும் நடக்காத ஒன்று என்று உண்மையான ராபர்ட்ஸே சொன்னார்.

பெரிய மீனுக்கு ஒரு நீதி!

இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

லூக்கஸ் 1975இல் பிடிபட்டான். வீட்டில் 5 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தது. தண்டனை 70 ஆண்டு. ஆனால் மற்றவர்களைக் காட்டிக் கொடுத்தான். 1981லேயே வெளியே வந்தான்! வந்தவன் திருந்தினானா? 1984இல் மீண்டும் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டு 7 ஆண்டு தண்டனை பெற்றான். இந்த இரண்டாவது கைது படத்தில் இல்லை. 1991இல் அவன் விடுதலையாவதை மட்டும் காட்டி நம்மை நெகிழ வைக்கிறார்கள். 2019இல் முதுமையில் இறந்தான்.

அதே நியூயார்க் மாநிலத்தில் 1973இல் ராக்கஃபெல்லர் சட்டங்கள் என்று கடுமையான சட்டம் வந்தது. சில அவுன்ஸ் வைத்திருந்தவனுக்கே குறைந்தது 15 ஆண்டு முதல் ஆயுள் வரை. அந்தச் சட்டத்தில் சிறை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் கருப்பினத்தவர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். அந்தச் சட்டத்தைத் தளர்த்த 2004, 2009 வரை போராட வேண்டியிருந்தது.

ஏன் இந்த வேறுபாடு? முதலாளிக்கு விற்பதற்குப் பெயர்கள் இருந்தன. மூட்டை தூக்கியவனுக்கு யார் பெயர் தெரியும்? கொடுத்தவனின் பட்டப்பெயர் தெரிந்தால் அதிகம்!

இது ஏதோ அமெரிக்கக் கதை என்று நினைக்காதீர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. 2013 முதல், வெறுமனே சுமந்து சென்றவர் என்று நிரூபித்து, அதிகாரிகளுக்குப் பயனுள்ள தகவல் கொடுத்ததாகச் சான்றிதழும் பெற்றால் உயிர் தப்ப வழியுண்டு. தகவல் இல்லாதவனுக்கு? ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் 2009இல் 42.72 கிராமோடு பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று கோர்ட்டில் மருத்துவ சாட்சியம் இருந்தது. அவருக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. 27 ஏப்ரல் 2022 அன்று தூக்கிலிட்டார்கள். மலேசியாவில் கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது. ஆனால் மரண தண்டனை நீங்கவில்லை. நீதிபதி விரும்பினால் இன்றும் விதிக்கலாம்.

கிலோ கணக்கில் விற்றவனுக்கு ஹாலிவுட் படம். கிராம் கணக்கில் சுமந்தவனுக்குக் கயிறு. இதுதான் உலகம்!

அந்தத் தாயைப் பாருங்கள்

இந்தப் படத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாத்திரம் ஒன்று உண்டு. லூக்கஸின் தாய். 80 வயதைத் தாண்டிய ரூபி டீ நடித்தார். ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். போலீஸ்காரனைச் சுடக் கிளம்பும் மகனைக் கன்னத்தில் அறைகிறார். இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று உன்னிடம் நான் கேட்டதே இல்லை, நீ பொய் சொல்வதைக் கேட்க விருப்பமில்லை என்ற பொருளில் பேசுகிறார்.

நல்ல அறை. ஆனால் காலம் கடந்த அறை! மாளிகைக்குக் குடி வந்த நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

பெற்றோர்களே! வேலையில்லாத மகன் புது மோட்டார் சைக்கிளில் வந்தால், தெரியாத 'அண்ணன்' ஒருவர் உங்கள் வீட்டு வாடகையைக் கட்டினால், அன்றைக்கே கேளுங்கள். 'ஒரு பையை மட்டும் ஜொகூர் பாலம் தாண்டிக் கொடுத்துவிட்டு வா' என்று பணம் நீட்டுபவன் உறவினனாக இருந்தாலும் விரட்டுங்கள்.

இளைஞர்களே! படத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கும்போது ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதையில் உங்களுக்குக் காத்திருப்பது லூக்கஸின் நாற்காலி அல்ல. அது ஒரே ஒருவனுக்குத்தான். மற்ற எல்லாருக்கும் மூட்டை, ஊசி, சிறை.

நம் இனத்துக்கு உரிமை வேண்டும், வேலை வேண்டும், மரியாதை வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவோம். நம் பிள்ளைகளின் பிணத்தின் மீது ஏறி நிற்பவன் நமக்குத் தலைவன் அல்ல!