நெடுஞ்சொல்லும் பெரிய துரையும்

நானுஓயாவில் நம்மிடம் பாடம் கேட்கும் மாணவி ஒருத்தி, சென்ற வாரம் ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டு வந்தவள், ‘சூப்பரின்டென்டன்ட்’ என்னும் சொல்லைக் கண்டதும் நின்றுவிட்டாள். ஆங்கிலத்தில் அதற்குப் பதினான்கு எழுத்துகள். கண் கலங்கியதில் வியப்பில்லை.

“துண்டாக்கிப் படி, அம்மா” என்றோம். சூ-பர்-இன்-டென்-டன்ட்: அசை ஐந்து. ஐந்தையும் ஒரே கனத்தில் ஒலிப்பது தமிழ் நாவின் பழக்கம். ஆங்கிலமோ முதலசையைச் சற்றே தொட்டு, நான்காவதாகிய ‘டென்’னில் நன்றாக ஊன்றி, ஏனையவற்றைத் தளரவிடும். ஊன்றும் இடம் தவறினால் கேட்போர் விழிப்பர்.

இடமறிய ஒரு வழி: ‘ஷன்’ என முடியும் சொல்லில், அதற்கு முன்னசையே அழுத்தம் பெறும். 1885இல் ரயில் இங்கு கொணர்ந்த ‘ஸ்டேஷன்’ முதல், ‘பிளான்டேஷன்’, ‘எக்ஸாமினேஷன்’ வரை இதுவே முறை.

ஒலியால் ஐந்தான அச்சொல், பொருளால் மூன்றே. ‘சூப்பர்’ என்பது மேல். ‘இன்டென்ட்’ என்பது, இலத்தீன் வழியில், கருத்தைச் செலுத்துதல். ‘அன்ட்’ என்று ஒலிக்கும் ஈறு, செய்பவரைக் குறிக்கும். மேலிருந்து கவனிப்பவர்!

“அப்படியானால் நம் பெரிய துரையா, ஐயா?” என்றாள்.

அவரேதாம். ‘கங்காணி’யும் அத்தகையதே, ‘கண்காணி’ என்பதன் திரிபு. லயத்தில் அவள் பாட்டி அஞ்சிய இருவருக்கும் பெயர்ப்பொருள் ஏறக்குறைய ஒன்றே என்றதும் வகுப்பே சிரித்தது.

அவள் மறுபடி படித்தாள். ‘டென்’னில் மட்டும் குரல் உயர்ந்தது.