கோப்பைக்குள் எலும்பா?

வசந்தகாலம் வந்தால் ஒஸ்லோவில் பாடசாலைகள் தோறும் லொப்பெமார்க்கெட். நம்மவர் வீடுகளில் உள்ள நல்ல பீங்கான் சாமான்கள் பலவும் அங்கே சில்லறைக் குரோணருக்கு வாங்கியவைதான். எங்கள் வீட்டிலும் அப்படி ஆறு கோப்பைகள் இருந்தன. பொன் விளிம்பு, வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கத்து விரல் நிழலாகத் தெரியும் மெல்லிய வெள்ளை.

ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு அதில்தான் தேத்தண்ணி. அம்மா சுத்த சைவம். ஒருநாள் என் மகள் வெறுங்கோப்பையைக் கவிழ்த்து அடியில் இருந்த எழுத்தை வாசித்தாள்.

"அப்பம்மா, இதிலை 'போன் சைனா' எண்டு கிடக்கு. போன் எண்டால் எலும்பெல்லோ?"

அம்மா என்னைப் பார்த்தார். "உண்மையோ தம்பி?"

உண்மைதான். அதன் கதை இது.

பீங்கான் வித்தை சீனருடையது. ஐரோப்பியர் நெடுங்காலம் அதை விலை கொடுத்து வாங்கினார்களே தவிர, செய்யத் தெரியாது. 1710இல் ஜெர்மனியின் மைசனில் ஆலை தொடங்கியது. ஆனால் அவர்கள் இரகசியத்தை வெளியே விடவில்லை. 1740களில் இலண்டனில் செல்சி, 'போ' என்ற இரு ஆலைகள் தோன்றின. அசல் வெண்களி கைக்கு வராத காலம். செல்சியில் களியோடு கண்ணாடித்தூள் போன்றவற்றைக் கலந்து சுட்டார்கள். பார்க்க அழகு, ஆனால் இவ்வகைப் பாண்டங்கள் சூளையில் வளைந்தன, கொதிநீர் பட்டால் வெடித்தன. தேத்தண்ணி ஊற்ற முடியாத கோப்பையால் யாருக்கு என்ன பயன்?

'போ' ஆலைக்காரர் விலங்கெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கிச் சேர்த்தார்கள். பாண்டம் உறுதியானது. அந்த ஆலை இருந்த இடம் இன்று நம்மவர் நிறைந்து வாழும் ஈஸ்ட் ஹாமை அடக்கிய நியூஹாம் பகுதிக்குள் வருகிறது. வூஸ்ரரில் 1751 முதல் மாக்கல்லைச் சேர்த்தார்கள். அதுவும் சூட்டை நன்றாகத் தாங்கியது. பிளிமத்தைச் சேர்ந்த மருந்து வியாபாரி வில்லியம் குக்வேர்த்தி கோர்ண்வாலில் அசல் வெண்களியைக் கண்டறிந்து 1768இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் நிலைத்தது எலும்புதான். அந்த நூற்றாண்டின் இறுதியில் ஸ்போட் குடும்பத்தார் செம்மைப்படுத்திய கலவையில் ஏறக்குறைய பாதி எலும்புச் சாம்பல். மீதி வெண்களியும் கல்லும். அதுவே 'போன் சைனா'.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "எல்லாம் எரிஞ்ச சாம்பல்தானே அம்மா, திருநீறும் சாம்பல்தானே" என்றேன்.

"திருநீறு எதைச் சுட்டது எண்டு எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. அன்றிலிருந்து எவர்சில்வர் பேணிக்கு மாறிவிட்டார்.

பிறகுதான் நோர்வேக் கோப்பைகளைத் தேடினேன். கப்பல் முதலாளி யோகான் யெரெமியாசன் 1885இல் தெலமார்க்கின் பொர்ஸ்குருன் நகரில் ஓர் ஆலையை நிறுவினார். 1887இல் உற்பத்தி தொடங்கியது. பெல்ட்ஸ்பாரும் படிகக்கல்லும் நோர்வே மண்ணிலேயே இருந்தன. இங்கிலாந்துக்குச் சரக்கு ஏற்றிப்போன கப்பல்கள் திரும்பும்போது வெண்களியும் நிலக்கரியும் கொண்டுவந்தன. ஜெர்மன் முறைப்படி மிகுந்த சூட்டில், ஏறக்குறைய 1400 பாகையில், சுடும் வன்பீங்கான் இது. அதன் கலவைக்கு எலும்பு தேவையில்லை.

அடையாளம் நங்கூரம். செல்சிக்காரரும் நங்கூரம் போட்டவர்கள் என்பதால், பொர்ஸ்குருன் என்ற பெயரையும் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சத்துக்குப் பிடித்தால் போன் சைனா பாலாடை நிறமாகத் தெரியும். வன்பீங்கான் சற்று நீலம் கலந்த வெள்ளை.

அடுத்த லொப்பெமார்க்கெட்டில் நங்கூரக் கோப்பை இரண்டு கிடைத்தன. அம்மா தாமே கவிழ்த்துப் பார்த்த பின்புதான் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.

நம் முதியவர்களுக்கு இங்குள்ள எழுத்துகளை வாசிப்பவர்கள் நாமும் நம் பிள்ளைகளும்தான். வீட்டில் சைவக்காரர் இருந்தால் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குடிப்பதா விடுவதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.