விடுபட்ட எண்

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் கொட்டை விளையாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 24 கொட்டைகளை எடுத்துச் சம வரிசைகளாக அடுக்கிப் பாருங்கள். 2, 3, 4, 6, 8, 12 என எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். 1, 24 ஆகியவற்றையும் சேர்த்தால் எட்டுக் காரணிகள். 24-ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் இல்லை. 23 கொட்டைகளோ எதற்கும் வளைந்து கொடுக்காது. அது பகா எண்.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சி நிற்கும் இத்தகைய எண்களை ஆராய்ந்தவர், ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். 1915-இல் வெளிவந்த அவரது கட்டுரையில் உள்ள பட்டியல் 6,746,328,388,800 என்ற எண்ணில் முடிகிறது. அதற்கு 10,080 காரணிகள்! கணினி இல்லாத காலத்தில், கையால் போட்ட கணக்கு அது. அந்த ஆய்வுக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

ஆயினும் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போனது. அது 293,318,625,600. இரண்டை ஆறு முறை, மூன்றை நான்கு முறை, ஐந்தையும் ஏழையும் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறை எடுத்துப் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். ஒவ்வொரு முறையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், அதாவது 7×5×3×3×2×2×2×2 எனப் போட்டால், காரணிகள் 5,040. அந்த எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். பட்டியலின் கடைசி எண் வந்து நிற்கும், காரணிகளும் இரட்டிப்பாகும். அடுக்க முடியாத அதே 23!

1912-இல் இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அக்காலத்தில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். விடியலில் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டிய அவர்களுக்குக் கிராணியார் எழுதியதே கணக்கு. எண்ணின் அழகை இரசிக்க அவர்களுக்கு ஓய்வு ஏது?

நமக்கு என்ன குறை? 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறியபோது தமிழ்ப்பள்ளிகளுக்காகக் கவலைப்பட்டோம். 2009-இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். 2016-இல் இருமொழித் திட்டம் வந்தபோது மீண்டும் குரல் கொடுத்தோம். அந்தக் குரல் நியாயமானதே. ஆனால், ஆறாம் ஆண்டுக்குப் பிறகு நம்மில் எத்தனை பேர் ஒரு பக்கக் கணிதத்தையாவது தமிழில் எழுதினோம்? பிள்ளைகள் தமிழில் கணிதம் படிக்க வேண்டும் என்று கேட்கும் நாம், அவர்கள் வளர்ந்த பின் தமிழில் படிக்க என்ன வைத்திருக்கிறோம்? கவிதைக்கும் சிறுகதைக்கும் இடம் ஒதுக்கும் நம் ஆண்டு மலர்களில், கணிதத்திற்கு ஒரு பக்கம் கூடாதா?

பொறியியல், கணக்கியல், கணினி பயிலும் நண்பர்களே, இந்த வேலையைத் தமிழ்த்துறை மாணவர்களிடம் விட்டுவிடாதீர்கள். விரிவுரையில் கேட்டதில் ஒன்றை, தோட்டத்தில் இருக்கும் தம்பி தங்கைக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். எழுத வராது என்று தயங்க வேண்டாம். இராமானுஜனின் பட்டியலிலேயே ஓர் எண் விடுபட்டது. பின்னால் வந்தவர்கள் கண்டு சொன்னார்கள். நாம் எழுதுவதில் பிழை இருந்தால் அடுத்து வருபவர்கள் திருத்துவார்கள். எழுதாமலே விட்டால் திருத்துவதற்கு என்ன இருக்கும்?