உப்புக் காற்றின் மேல் போடும் பழி

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வீட்டில் ஏசி மாட்டும்போது வழக்கமாக எழும் பேச்சு இது: கடற்கரையில் எந்த மெஷினும் துருப்பிடித்துத்தான் போகும், உரிமம் வைத்திருக்கும் ஒப்பந்ததாரர் எதற்கு, தெரிந்த பையன் போதும்.

துருப்பிடிக்கும் என்பது மெய். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் அவுட்டோர் யூனிட்டில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். ஆனால் 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம், ஓயாத பராமரிப்பால் 2022 டிசம்பர் வரை இதே காற்றில் ரயிலைத் தாங்கியது. யூனிட்டைக் கடலுக்கு நேரே மாட்டாமல் இருப்பது, பூச்சுள்ள தகடு, துத்தநாகம் பூசிய ஸ்டாண்டு, அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுவது ஆகியவை ஆயுளைக் கூட்டும்.

'வருஷா வருஷம் கேஸ் குறையும், அது கடலோர வழக்கம்' என்பது அடுத்த வாதம். அது தவறு. கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது. புதிதாக மாட்டிய சில மாதங்களில் கசிந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஃபிளேர் நட் இணைப்பை. பழி என்னவோ உப்புக் காற்றுக்குப் போகிறது. முறையாக மாட்டுபவர் நைட்ரஜன் அழுத்தத்தில் கசிவைச் சோதித்து, வேக்குவம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிய பிறகே வால்வைத் திறப்பார். அவசரக்காரர் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டே காற்றை வெளியே தள்ளிவிடுவார். உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். போதாததற்கு, இப்போது பரவலாக வரும் ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடியது.

'உரிமம் வெறும் காகிதம்' என்பதில் பாதி உண்மை உண்டு. ஏசி மெக்கானிக்குக்கென்று தமிழ்நாட்டில் தனி உரிமம் கிடையாது. கேட்டுப் பார்க்கத்தக்கது ஐ.டி.ஐ.யின் இரண்டாண்டுக் குளிர்சாதனப் படிப்புச் சான்று. ஆனால் ஏசிக்காகப் புதிய லைன் இழுத்தால் கதை வேறு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி அந்த வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும். அந்த உரிமத்தைத் தருவது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். இந்தக் கரைக்கு இது இன்னும் பொருந்தும்: காய்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, புதைத்த எர்த் கம்பியையும் உப்பு அரிக்கும். எர்த் உயிரோடு இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. கருவி வைத்து அளந்தால்தான் தெரியும்.

கூலி குறைவு என்பது சரிதான். பம்ப், நைட்ரஜன் சிலிண்டர், எர்த் சோதனை எதுவும் அந்தக் கூலியில் இல்லை.