நடக்கச் சொல்லும் நல்லவர்களுக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும், ஒரு புது வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. அந்தச் சரக்கின் பெயர் “மாதர் ஆரோக்கியம்”. கடலைப் பார்த்த விடுதிகளில் எண்ணெய்க் குளியல் உண்டு, யோகாசனம் உண்டு, தியானம் உண்டு, பழரசம் உண்டு. கட்டணத்தை விசாரித்தால் தலை சுற்றும்.

சரக்கு வாங்க வசதியில்லாதவர்களுக்கு உபதேசம் மட்டும் இலவசமாகக் கிடைக்கிறது. இருபது வயதில் இதைச் சாப்பிடு. முப்பதில் இந்த ஆசனத்தைச் செய். நாற்பதில் எடையைக் குறை. ஐம்பதில் எலும்பைக் கவனி. அறுபதில் கவலையை விடு. வயதுக்கு ஒரு பட்டியல். எல்லாப் பட்டியலுக்கும் அடியில் ஒரே முடிவு: பெண்கள் தங்கள் உடம்பைத் தாங்களே அலட்சியம் செய்கிறார்கள், அதுவே அவர்களுடைய நோய்க்குக் காரணம்.

இந்த முடிவு பொய் என்று நாம் சொல்கிறோம். பொய் மட்டுமல்ல, குற்றவாளியைத் தப்பவிட்டு, அடிபட்டவளையே கூண்டில் ஏற்றுகிற அநியாயம் என்றும் சொல்கிறோம்.

கோவளத்தில் மீன் கூடை சுமக்கிற ஓர் அம்மாளைச் சந்தித்தோம். அறுபதைத் தாண்டியவர். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. வைத்தியர் என்ன சொன்னார் என்று கேட்டோம். “தெனம் அரை மணி நேரம் நடக்கணும்னாரு தோழர். நான் நடக்காத நாளு எது? கரையிலேர்ந்து ரோடு, ரோட்லேர்ந்து தெருத் தெருவா. நாப்பது வருசமா நடந்துதான் இந்தக் காலு இப்படி ஆச்சு. உக்காருன்னு ஒருத்தர் சொல்ல மாட்டேங்கிறாங்களே!” என்றார்.

அந்த அம்மாளின் கேள்விக்கு எந்த விடுதிப் பட்டியலில் பதில் இருக்கிறது? தேகப் பயிற்சி கெட்டது என்று நாம் சொல்லவில்லை. நாற்காலியிலேயே காலம் கழிப்பவர்கள் நடக்கத்தான் வேண்டும். ஆனால் உழைக்கிற பெண்ணுக்குக் குறைவாக இருப்பது நடை அல்ல. உட்கார நேரமில்லை, ஒதுங்க இடமில்லை, ஓய்வுக்குக் கூலியில்லை, தட்டில் சத்தில்லை. இவற்றைத் தனி மனுஷியின் மன உறுதியால் வாங்க முடியாது.

பள்ளிப் பருவத்திலேயே தொடங்கும் பட்டினி

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு சர்க்காரே எடுத்த கணக்கு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்று அது சொல்கிறது. இந்தியா முழுவதற்கும் 57 சதவிகிதம். இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மேல்! இத்தனை கோடிப் பேர் ஒன்றாகச் சேர்ந்து தங்கள் உடம்பை அலட்சியம் செய்தார்களா? பாதி ஜனத்துக்கு ஒரே நோய் இருந்தால் அதற்குக் காரணம் குணத்தில் இல்லை. அடுப்பில் இருக்கிறது, கூலியில் இருக்கிறது, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார் என்பதில் இருக்கிறது.

அந்தப் பெண் பள்ளியை விட்டு ஆலைக்குப் போகிறாள். 2019ல் ஒரு வெளிநாட்டுச் செய்தி ஸ்தாபனம் தமிழ்நாட்டு நூல், ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களை விசாரித்தது. மாதவிடாய் வலி என்றால் லீவு கொடுப்பதற்குப் பதிலாகப் பெயர் தெரியாத மாத்திரையைக் கையில் கொடுத்து மறுபடியும் இயந்திரத்துக்கு அனுப்பினார்கள் என்ற உண்மை வெளியே வந்தது. வலி நின்றதோ இல்லையோ, உற்பத்தி நிற்கவில்லை. இது அந்தப் பெண்களின் அலட்சியமா?

பன்னிரண்டு மணி நேர நிற்றல்

செங்கல்பட்டு, தாம்பரம் கடைவீதிகளுக்கு வாருங்கள். துணிக்கடையில், நகைக்கடையில், பாத்திரக் கடையில் சேலையைப் பிரித்துக் காட்டுகிற பெண்களைப் பாருங்கள். காலையில் நிற்கத் தொடங்கினால் கடை சாத்துகிறவரை நிற்கிறார்கள். காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. நீர்க்கடுப்பு வருகிறது. ஒரு தங்கை சொன்னாள்: “தண்ணி குடிச்சா போகணும். போனா எங்கே போனேன்னு கேப்பாங்க. அதனால குடிக்கிறதே இல்லண்ணா.” அதிகத் தண்ணீர் குடியுங்கள் என்று உபதேசிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் கழிப்பறை வேண்டும் என்று திரண்டார்கள். அந்தப் போராட்டம் வளர்ந்து உட்காரும் உரிமை கேட்கும் போராட்டமாயிற்று. 2018ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021ல் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்று விதித்தார்கள். ஒரு பலகை நாற்காலிக்குக்கூடச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே முதலாளிமாரின் தர்மசிந்தை விளங்கும். சட்டம் வந்தது, நாற்காலி எங்கே? சில கடைகளில் இருக்கிறது. வாடிக்கைக்காரர் இருக்கும்போது அதில் உட்காரக் கூடாது. வாடிக்கைக்காரர் இல்லாத நேரம் எது?

இரண்டே ஆண்டில், 2023 ஏப்ரலில், வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக்க வழிசெய்கிற மசோதாவை அதே சட்டசபை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று மசோதா வாபஸ் என்று அறிவிக்க நேர்ந்தது. அந்த ஒரு வாபஸ் பெண்களின் முதுகெலும்புக்குச் செய்த நன்மையை ஆயிரம் ஆசனங்கள் செய்யா.

ஆலையையும் கடையையும் விட்டு வீடு திரும்பினால் இரண்டாவது ஷிப்ட் காத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் கூலியில்லாமல் உழைக்கிறாள். ஆண் 88 நிமிஷம். தியானத்துக்கு மிச்சமிருக்கும் நேரத்தை உபதேசிகளே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

ஒரே ஊரில் இரண்டு காட்சி

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022 ஜூலை, ஆகஸ்டில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. இந்திய மாதர் அணியில் ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். அணி வெண்கலப் பதக்கம் பெற்றது. அவருக்கு வைத்திய உதவி தயாராக வைக்கப்பட்டிருந்தது. கர்ப்பம் நோயல்ல, தக்க பாதுகாப்பு இருந்தால் பெண் எதையும் சாதிப்பாள் என்பதை அந்த வீராங்கனை உலகத்துக்குக் காட்டினார். அவரை மனமார வாழ்த்துகிறோம். அவருக்குக் கிடைத்த பாதுகாப்பில் ஒரு துளியைக்கூட நாம் குறை சொல்லவில்லை.

அதற்கு ஓர் ஆண்டு முன்னால், 2021ல், அதே பூஞ்சேரியின் நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் இளம் பெண் மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டார். அவர் குமுறிப் பேசியது ஊரெங்கும் பரவியது. பிறகு அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பரில் முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். நல்லதுதான். ஆனால் ஒரு வேளைச் சோற்றைப் பெற ஒரு பெண் நாடெங்கும் கேட்கும்படி குமுற வேண்டியிருந்ததே, அதை மறக்கலாமா? பேசத் துணியாதவர்கள் எத்தனை பேர்?

நமது கோரிக்கை ஒன்றுதான். பதக்கம் வாங்கப்போகிறவளுக்குக் கிடைத்த பாதுகாப்பு நாற்று நடுகிறவளுக்கும், செங்கல் சுமக்கிறவளுக்கும், உப்பளத்தில் நிற்கிறவளுக்கும் வேண்டும்.

2017 திருத்தத்தின்படி பிரசவ விடுப்பு 26 வாரம், சம்பளத்தோடு. இது யாருக்கு? நடைமுறையில் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு. நாள்கூலிப் பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 2018ல் நிர்ணயித்த 18,000 ரூபாய். அதிலும் 4,000 ரூபாய் சத்துணவுப் பெட்டகமாக. 26 வாரம் என்றால் 182 நாள். வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 99 ரூபாய் கூடத் தேறவில்லை. ஆகவே அவள் பச்சை உடம்போடு களத்துக்குப் போகிறாள். போனால் “பெண்கள் பிரசவத்துக்குப் பிறகு ஓய்வெடுப்பதில்லை” என்று உபதேசிகள் வருந்துகிறார்கள்!

நாற்பது வயதின் நோய்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம், சாவைத் தடுக்கலாம். இதை நிரூபித்தவர்களில் நமது தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற நர்சுகள் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையைச் செய்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் ஏற்படும் சாவு 35 சதவிகிதம் குறைந்தது. 2007ல் லான்செட் வைத்தியப் பத்திரிகை இதை வெளியிட்டது. பெரிய இயந்திரம் வேண்டாம், பெரிய செலவு வேண்டாம்.

அப்படியிருந்தும், முன் சொன்ன 2019-21 ஆய்வின்போது தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் ஒருத்திகூட இந்தப் பரிசோதனை செய்துகொண்டிருக்கவில்லை. ஏன்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். கூலி போனால் அன்று உலை கொதிக்காது. ஆக, வெட்கத்தைவிட வேலியாக நிற்பது கூலி.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். கரும்பு வெட்டுகிற பெண்கள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிகள் அபராதம் பிடிப்பார்கள். மாதவிடாயே இல்லாமல் போனால் வேலை கெடாது என்று கர்ப்பப்பையை அகற்றிக்கொள்ளும் கொடுமை பெருகியது. 2019ல் விசாரணை நடந்தது. 82,000க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை! நமது மதுராந்தகம் வட்டாரமும் கரும்பு விளைகிற பூமிதான். அந்தப் பெண்கள் நமக்கு அந்நியர்களல்ல.

இந்த நோயைத் தடுக்கத் தடுப்பூசியும் உண்டு. சிறுமிகளாக இருக்கும்போதே போட வேண்டும். செங்கல்பட்டுத் திருமணியில் பொதுத்துறைத் தடுப்பூசி வளாகம் அமைக்க 2012ல் மத்திய சர்க்கார் 594 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்தது. கட்டிடம் எழுந்தது, இயந்திரம் வந்தது. 2021 மே மாதம், கொள்ளைநோய் உச்சத்தில், முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்தபோதும் அங்கே தடுப்பூசி உற்பத்தியாகவில்லை. ஜனங்களின் பணத்தில் கட்டிய ஆலை உறங்கும்போது யாருடைய ஆலைக்கு லாபம் என்று கேட்பது குற்றமா?

கடைசியில் முதுமை. முதியோர் பென்ஷனில் மத்திய சர்க்காரின் பங்கு 60 வயதானவருக்கு 200 ரூபாய் என்று வைத்தார்கள். பதினைந்து ஆண்டு கடந்தும் அதை உயர்த்தவில்லை. தமிழ்நாட்டில் 2023ல் மொத்தத் தொகையை 1,200 ஆக்கினார்கள். நாளைக்கு 40 ரூபாய். எலும்புக்குப் பாலும் முட்டையும் சாப்பிடச் சொல்கிறார்கள். கோவளத்து அம்மாள் கூடையை இறக்கிவைக்காத காரணம் இதுதான்.

நம் வீட்டுக் குற்றமும் உண்டு

ஆளுகிறவர்களையும் முதலாளிகளையும் மட்டும் ஏசிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. சங்கக் கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதலில் சம்பளம், பிறகு போனஸ், பஞ்சப்படி. பெண்களின் கழிப்பறை பதினோராவது கோரிக்கை. பேச்சுவார்த்தை மேஜையில் முதலில் விட்டுக்கொடுப்பதும் அந்தப் பதினோராவதைத்தான். நாங்களும் விட்டுக்கொடுத்திருக்கிறோம். மாநாட்டுக்குப் பந்தல் போடுவோம், கொடி கட்டுவோம். வருகிற மாதருக்கு ஒதுங்க இடம் செய்திருக்கிறோமா? இரவு பதினொரு மணிக்குத் தோழர் வீடு திரும்பினால் யார் விழித்திருந்து சோறு போடுகிறார்? அவர் எப்போது சாப்பிட்டார்? இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கப்பட்டுத் திருந்துவதே வழி.

1919லேயே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் பிரசவப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. பம்பாய் மாகாணத்தில் 1929ல் பிரசவ உதவிச் சட்டம் வந்தது. எதுவும் முதலாளியின் கருணையால் வரவில்லை, கேட்டுப் பெற்றதுதான். இனியும் அப்படித்தான்.

ஆகவே நாம் கேட்கிறோம்:

கடைகளில் இருக்கைச் சட்டம் அமலாகிறதா என்று தொழிலாளர் துறை நேரில் வந்து பார்க்க வேண்டும்.

மீன் அங்காடி, பஸ் நிலையம், உப்பளம், சந்தை எங்கும் தண்ணீரோடு கூடிய பெண்கள் கழிப்பறை வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு நாள் கூலியோடு மருத்துவப் பரிசோதனை விடுப்பு வேண்டும். சுகாதார நிலையம் ஞாயிறன்றும் மாலையிலும் திறந்திருக்க வேண்டும்.

நாள்கூலிப் பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலி கணக்கில் 26 வாரப் பிரசவ உதவி வேண்டும்.

முதுமையில் கூடையை இறக்கிவைக்கப் போதுமான பென்ஷன் வேண்டும்.

சகோதரிகளே! உங்கள் நோய்க்கு நீங்கள் குற்றவாளிகளல்ல. ஆனால் அதை மாற்றும் சக்தி நீங்கள்தான். ஒவ்வொரு கடையிலும், ஒவ்வொரு குப்பத்திலும், ஒவ்வொரு களத்துமேட்டிலும் கூடிப் பேசுங்கள். பதினோராவது கோரிக்கையை முதல் கோரிக்கையாக்குங்கள். சங்கம் தயங்கினால் சங்கத்தையும் கேள்வி கேளுங்கள்.

நடக்கச் சொல்லும் நல்லவர்களே! நாங்கள் நடக்கத்தான் போகிறோம். கலெக்டர் ஆபீசை நோக்கி நடக்கப் போகிறோம். அங்கே கோவளத்து அம்மாளுக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்!