கியருக்குப் பாவாடை எதற்கு?



என் தங்கை மகன் ஆட்டோமேட்டிக் காரின் கியர் லிவருக்கு, மேனுவல் வண்டியில் இருப்பதுபோல் சுருக்கம் வைத்த தோல் கவர் மாட்டியிருக்கிறான். "ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இல்லையா மாமா?" என்கிறான். இல்லை!

மேனுவலில் லிவர் நாலு பக்கமும் அசையும். அந்த ஓட்டை வழியே தூசியும் சத்தமும் வராமலிருக்கக் கவர் வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் லிவர் நேராகப் போய்வருகிறது. பக்கத்தில் பி, ஆர், என், டி என்று எழுதியிருப்பது ஓட்டுகிறவர் பார்ப்பதற்கு. அதன்மேல் தோலைப் போர்த்தலாமா? (காலமெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவனுக்குக் கோபம் வராதா?)

போன வாரம் நண்டலாறு சோதனைச்சாவடியில் நின்று கிளம்பும்போது, தங்கை 'டி' என்று நினைத்து 'ஆர்' போட்டுவிட்டாள். பின்னால் பைக்கில் ஒரு பெண், முன்னே குழந்தை. இரண்டடி நகர்வதற்குள் பிரேக்கை மிதித்தாள், பிழைத்தோம்.

"டேஷ்போர்டில் தெரியுமே மாமா!" தெரியும்தான். ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றவளுக்குக் கை போகிற இடத்தில்தானப்பா கண் போகும். இறுக்கித் தைத்த தோல் லிவரைப் பின்னுக்கு இழுத்து, 'பி' முழுசாக விழாமல் போனால் சரிவில் வண்டி தானாக உருளும், அது வேறு.

நம் பிள்ளைகள் யாராவது கார் அலங்காரக் கடை வைத்திருந்தால், ஆட்டோமேட்டிக்குக்கு இதை விற்காதீர்கள். இவன் ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன் என்கிறான். அதுவரை சாவி என்னிடம்.